வீடே தேர்வறை என்றால், வீடு யாருக்கு இருக்கிறது?

‘கொரோனா பேட்ச்’ என்ற சொல் இன்னும் சாகவில்லை. 2020 முதல் 2022 வரை கல்லூரியில் படித்த ஒருவர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனால், “பார்த்து எழுதிப் பாஸானவங்கதானே நீங்க?” என்ற நக்கலைத் தாண்டித்தான் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த நக்கலுக்குள் ஒரு பழைய வாதம் ஒளிந்திருக்கிறது. கண்காணிப்பாளர் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினால் தகுதி. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் ஏமாற்று. இடஒதுக்கீட்டில் வந்தவர்களைப் பார்த்துத் ‘தகுதி, திறமை’ பேசும் அதே வாய்தான் இதையும் பேசுகிறது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீடே தேர்வறை என்று அரசும் பல்கலைக்கழகங்களும் முடிவெடுத்தபோது, உட்கார்ந்து தேர்வு எழுதுவதற்கேற்ற வீடு யாரிடம் இருந்தது?

திருப்பூரை ஒட்டிய முதலிபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கும் ஊராட்சி இது. பின்னலாடைத் தொழிலுக்கென்றே தொடங்கப்பட்ட நிஃப்ட்-டீ கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் தொழில்நகரத்தின் ஒரு துண்டு. அந்த ஏற்றுமதிக்காக ஓவர்லாக் மெஷினில் உட்காருபவர்களும், செக்கிங் டேபிளில் நிற்பவர்களும், கைமடித்துக் கொடுப்பவர்களும் இந்தப் பகுதியெங்கும் குடியிருப்பது லைன் வீடுகளில். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, காம்பவுண்டில் இருக்கும் அத்தனை குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை. உள்ளூர் அருந்ததியர் மக்களின் நிலையும் பெரிதாக வேறில்லை. ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட குடியிருப்பில், அப்பா காலத்தில் கிடைத்த சின்ன மனையில், அண்ணன் தம்பி குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது. சொல் போனது நல்லது. அங்கிருக்கும் வீட்டின் அளவு அதனால் கூடிவிடவில்லை.

இந்த வீடுகளுக்குள்தான் தேர்வு வந்தது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. இறுதியாண்டுத் தேர்வைச் செப்டம்பர் மாத முடிவுக்குள் நடத்தியே தீர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஜூலை 6 அன்று சொன்னது. ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நடைமுறை இதுதான்: வினாத்தாளை இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், வீட்டிலேயே ஏ4 தாளில் எழுத வேண்டும், ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி, குறித்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.

கேட்பதற்கு எளிது. முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் நான், அந்த நாள்களில் இளையவர்கள் சிலருக்குப் பக்கங்களை பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரு செல்போன். அது அப்பாவுடையது, கம்பெனி திறந்துவிட்டால் அவரோடு போய்விடும். திரையில் கீறல், மெமரி நிறைந்து கிடக்கும். முப்பது பக்கத்தைப் படம் பிடிக்க இடம் வேண்டுமென்றால் வீட்டு விசேஷப் படங்களை அழிக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வெளிச்சம் போதாமல் எழுத்து மங்கலாக விழும். வெளியே வந்து வாசல் திண்ணையில் தாளை விரித்தால் காற்று அடிக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவதால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். பாடத்தை முழுதாகப் படித்திருந்த மாணவிக்கும் அந்த நிமிடத்தில் கை நடுங்கும்.

தேர்வுக்குத் தயாராவது அதைவிடக் கடினம். நூலகம் மூடியிருந்தது. நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் ஆக வந்து விழுந்தன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். அந்தப் பக்கத்து இருக்கையும் போனது. பெண்ணாக இருந்தால் இன்னொரு சுமை. பரீட்சை என்று கதவைச் சாத்தினால், சோறு யார் ஆக்குவது என்ற கேள்வி வரும். பையனாக இருந்தால், சும்மாதானே இருக்கிறாய், செக்கிங்குக்குப் போய்விட்டு வா என்பார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு எட்டரை மணிக்குத் திரும்பி வருபவன் எந்த வகுப்பின் பதிவை எப்போது கேட்பான்? அப்படிப் போனவர்களில் சிலர் கல்லூரிக்குத் திரும்பவே இல்லை.

இது கொங்கு மண்டலத்தின் கதை மட்டுமல்ல. 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றுப்படி, இந்தியாவில் இணைய வசதி இருந்த குடும்பங்கள் 24 விழுக்காடு. கிராமங்களில் 15 விழுக்காடு. கணினி இருந்த கிராமப்புறக் குடும்பங்கள் 4.4 விழுக்காடுதான். இந்தக் கணக்கு அரசின் கையில் இருந்தது. தெரிந்தேதான் வீட்டைத் தேர்வறை ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசம் என்ற அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில். ஊரடங்கு தொடங்கி ஒன்பது மாதம் கழிந்திருந்தது.

டேட்டாவும் செல்போனும் மட்டும்தான் பிரச்சினை என்றால் காசு கொடுத்துத் தீர்த்துவிடலாம். அறை என்பது சாதியோடு பிணைந்த பிரச்சினை. யாருக்கு நிலம், யாருக்கு மனை, யார் வீடு ஊருக்குள், யார் வீடு ஊருக்கு வெளியே என்பதைச் சாதி தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்திருக்கிறது. மேசை, நாற்காலி, மின்விசிறி, சாத்திக்கொள்ளக் கதவு உள்ள தனி அறையில் உட்கார்ந்து எழுதியவரும், அடுப்புக்குப் பக்கத்தில் தலையணை மேல் தாளை வைத்து எழுதியவரும் ஒரே தேர்வை எழுதவில்லை.

நம் இயக்கங்களுக்கு இந்த அறையின் அருமை முதலிலிருந்தே தெரியும். பம்பாய் பரேலில் குடும்பம் மொத்தமும் முடங்கிக் கிடந்த ஒற்றை அறையில், மற்றவர்கள் உறங்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் படித்தவர் அம்பேத்கர். அவர் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. தமிழ்நாட்டில் சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை உருவாக்கினார். ஊர்தோறும் படிப்பகம் வைத்ததும், ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்காகப் போராடியதும் இந்த வரிசையில் வந்தவைதான். படிக்க ஓர் இடம், எழுத ஒரு மேசை, வேளைக்குச் சோறு. வீடு தர முடியாததை விடுதி தரும்.

ஊரடங்கில் முதலில் மூடப்பட்டவற்றில் அந்த விடுதிகளும் உண்டு. தொற்றைத் தடுக்க மூடியது சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தேர்வு வைக்கும் முடிவை எடுத்தபோது, விடுதியை நம்பிப் படித்தவர்களின் மேசைக்கு மாற்று என்ன என்று யாரும் கேட்கவில்லை. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. அந்தக் கதவு வழியாக, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகளைத்தான் திரும்ப வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்தே எழுது என்றார்கள்.

அடுத்து வந்தது கேமரா. 2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வு செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு நடந்தது. முகம் திரும்பினாலோ, பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்டாலோ மென்பொருள் அதைக் குறித்துக்கொள்ளும். ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மே மாதம் உயர்கல்வித் துறைக்குப் பொறுப்பேற்ற அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டி வந்தது. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் சத்தம் கேட்காமல் எப்படி இருக்கும்? மென்பொருளின் கண்ணுக்கு ஏழ்மையும் முறைகேடும் ஒன்றாகத் தெரிந்தன.

கேமராவின் கண்ணே பாகுபாடானது என்பதும் உலகம் அறிந்ததுதான். முகம் பார்த்துப் பாலினம் சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி 2018இல் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் பிழை ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. அமெரிக்காவின் ஒஹையோவில், தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் அறையைக் காட்டுவது அந்தரங்கத்தை மட்டும் காட்டுவதில்லை, சாதியையும் காட்டிவிடும். சுவரில் மாட்டியிருக்கும் படமும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் தெருவும் போதும். பொறியியல் மாணவர் சங்கர் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட உடுமலைப்பேட்டை இதே திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இங்கே ஒரு மாணவர் தன் வீட்டைக் காட்டத் தயங்கினால், அதற்குப் பெயர் தாழ்வு மனப்பான்மை அல்ல, எச்சரிக்கை.

அப்படியானால் 2021 நவம்பரில் தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவில் இறங்கி இணையவழித் தேர்வே வேண்டும் என்று கேட்டது ஏன்? இது நியாயமான கேள்வி, இதைத் தாண்டிப் போக முடியாது. வகுப்பை ஆன்லைனில் எடுத்துவிட்டுத் தேர்வை மட்டும் நேரில் வைக்கிறீர்களே என்பது அவர்கள் வாதம். பாடம் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அதற்குப் பொருள். பஸ் செலவு மிச்சம், ஷிப்டை விட்டுவிடாமல் எழுதலாம் என்ற கணக்கும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டியவர்கள், பார்த்து எழுதியதில் அதிகப் பயன் யாருக்கு என்று மட்டும் பார்க்கவில்லை. வீட்டில் படித்த அண்ணன், டியூஷன் ஆசிரியர், இரண்டாவது செல்போன், நண்பர்கள் குழு எல்லாம் இருந்தவருக்குத்தான் அது கைகொடுத்தது. ஆனால் ‘கொரோனா பேட்ச்’ என்ற பட்டம் விழுந்தது வாய்ப்பற்றவர் தலையில். மற்றவரின் பட்டத்தைக் குடும்பப் பெயரும் ஆங்கிலமும் காப்பாற்றிவிட்டன.

ஆகவே ஆன்லைனா, ஆஃப்லைனா என்பது நம் சண்டை இல்லை. இணையவழித் தேர்வு திரும்பப் போகப்போவதும் இல்லை. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று மானியக் குழுவின் 2021 விதி சொல்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் படிப்புகள் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் வந்திருக்கின்றன. உள்மதிப்பீட்டுத் தேர்வு கூகுள் ஃபார்மில் வருகிறது. தொற்று போய்விட்டது, வீட்டையும் செல்போனையும் நம்பி மதிப்பெண் போடும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, மதிப்பெண்ணோடு தொடர்புள்ள எந்த இணையத் தேர்வையும் கல்லூரிக் கணினிக் கூடத்திலோ அரசு விடுதியிலோ எழுதும் உரிமை எல்லா மாணவருக்கும் வேண்டும். இரண்டு, மாணவரின் வீட்டுக்குள் கேமரா நுழையக் கூடாது. மென்பொருள் சொன்னதை மட்டும் வைத்து யாரையும் முறைகேட்டாளர் என்று அறிவிக்கக் கூடாது. மூன்று, எல்லா ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் கணினியும் தடையற்ற இணையமும் வேண்டும். கோழிக்கோட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் விடுதியின் செல்போன் தடையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. மில் விடுதிகளில் தங்கி வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வி படிக்கும் பெண்களுக்கும் இந்த உரிமை சேர வேண்டும்.

நான்காவது, ஊருக்குள் ஓர் அறை. 2024இல் அரசு திறந்த அறிவுசார் மையங்கள் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளுக்கானவை. முதலிபாளையம் போன்ற ஊராட்சிகள் தொழிலாளர்களால் நிரம்பி நகரமாகவே மாறிவிட்டாலும், தாளில் கிராமமாகவே இருப்பதால் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கட்டிய நூலகங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, பத்து மேசையும் ஐந்து கணினியும் போட்டு, கம்பெனி விடும் நேரத்துக்குப் பிறகும் இரவு பத்து மணி வரை திறந்து வைத்தால் போதும். எந்தத் தெருவில் இருக்கும் கட்டடம், அருந்ததியர் குடியிருப்புப் பெண் பிள்ளைகள் அச்சமின்றி வந்து போக முடிகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்குக் கோட்டை வரை போகக் காத்திருக்க வேண்டாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். தேர்வு எழுதும் மாணவர்களின் கையெழுத்தோடு, அதைப் படிப்பகமாகத் திறக்கக் கோரும் தீர்மானத்தை எழுதி எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகும் வரை எழுந்து வராதீர்கள்.