நெஞ்சு வலியை வாயு என்று தள்ளாதீர்கள்

மலேசியாவின் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களில் யாருக்காவது நெஞ்சை அடைத்தால் முதலில் தேடுவது தைலத்தைத்தான். "வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடிச்சா இறங்கிடும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கழியும் ஒரு மணி நேரம் இருதயத்தை என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நான், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் திசுக்களை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றும் வேலையில் இருந்தவன்.

நல்ல இருதயத் தசையின் செல் ஒன்று, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம்தான். குறுக்கே வரிவரியாகக் கோடுகள். உள்ளே ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று இழுத்துச் சறுக்க, செல் சுருங்குகிறது. கிளைவிட்டு நுனியோடு நுனி கோத்திருக்கும் செல்கள் மின்தூண்டலைக் கைமாற்றிக்கொள்வதால் இருதயம் ஒரே சீராகத் துடிக்கிறது. ஓய்வில்லாத இந்த வேலைக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அடைத்திருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் தடையில்லாமல் வந்தாக வேண்டும்.

ரத்தக்குழாய் முழுதாக அடைத்துவிட்டால் 20 முதல் 40 நிமிடங்களுக்குள் செல்கள் சாகத் தொடங்குகின்றன. வெள்ளணுக்கள் வந்து செத்தவற்றை அகற்றுகின்றன. சுமார் இரண்டு மாதத்தில் அங்கே தழும்பு இறுகிவிடுகிறது. மாசன் டிரைக்ரோம் சாயமிட்டால் தசை சிவப்பாகவும் தழும்பு நீலமாகவும் தெரியும். அந்த நீலத் திட்டைப் பார்த்தாலே எனக்கு மனம் கனத்துவிடும். அது இனிச் சுருங்காது; புதுச் செல்கள் முளைத்து அந்த இடத்தை நிரப்புவதும் இல்லை. 2009இல் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்துக் கணக்கிட்டார்கள்: இருதயத் தசையில் 25 வயதிலேயே ஆண்டுக்கு 1 விழுக்காட்டுச் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை.

ரத்தக் கொதிப்பு செல்களைத் தடிக்க வைத்து, இடையிடையே நாரை வளர்க்கிறது. இனிப்பு நீர் என்னும் நீரிழிவு நரம்பை மரக்கச் செய்வதால் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் இன்னும் அதிகம்.

தோட்டத்து மருந்தகமும், டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரும் இருந்த காலம் போய்விட்டது. அந்த இடத்தைக் கோயில் நிர்வாகங்கள் ஓரளவு நிரப்பலாம்: திருவிழாவுக்குக் கூடும் சனத்துக்கு ரத்தக் கொதிப்பும் இனிப்பும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை, உடம்பு நன்றாயிருக்கிறது என்று நிறுத்தாதீர்கள். நெஞ்சு அடைத்தாலோ, காரணமில்லாமல் வியர்த்து மூச்சு வாங்கினாலோ உடனே 999க்கு அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. சீக்கிரம் போனால்தான் அது தசையைக் காப்பாற்றும்.