பதினேழாவது நோயாளி

2002 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பியூட் மாவட்டத்தில் டயான் மான்சன் வீட்டு வாசலில் இரண்டு அரசுகளின் ஆட்கள் வந்து நின்றார்கள். முதுகுவலிக்காக அவர் வளர்த்த ஆறு கஞ்சாச் செடிகளைப் பார்த்த ஷெரிப்பின் ஆட்கள், மாநிலச் சட்டப்படி இதில் குற்றமில்லை என்றார்கள். உடன் வந்த மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறையினர் ஒப்பவில்லை. மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு ஆறும் பிடுங்கி அழிக்கப்பட்டன. இந்த மோதலில் மத்தியச் சட்டமே மேலோங்கும் என்று 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

1996-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி, நோயாளிகள் மருந்துக்காகக் கஞ்சா வளர்க்க இடம்கொடுத்த கலிபோர்னியாவின் 215-ஆம் முன்மொழிவு, எத்தனை செடி என்று சொல்லவே இல்லை. நோயாளியின் அப்போதைய மருத்துவத் தேவைக்குப் பொருத்தமான அளவு என்று நீதிமன்றம் பின்னர் விளக்கியது. மருத்துவருக்கு அது போதும். வேலிக்கு வெளியே நிற்கும் போலீஸ்காரருக்குப் போதாது. அதனால் 2003-இல் சட்டமன்றம் ஓர் எண்ணைக் கொடுத்தது: நோயாளி ஒருவருக்குப் பூத்த செடி 6 அல்லது பூக்காத செடி 12, காய்ந்த பூ 8 அவுன்ஸ். மருத்துவர் பரிந்துரைத்தால் கூடுதல். மாவட்டங்களும் நகரங்களும் விரும்பினால் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம்.

இந்த எண்ணை நான் முழுக்கப் பழிக்க மாட்டேன். எண் இருந்தால் நோயாளிக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் ‘ஒரு செடி’ என்பது என்ன அளவு? வெயிலில் கோடை முழுக்க வளர்ந்த செடி ஆளுயரத்தைத் தாண்டிக் கிலோக்கணக்கில் பூ தரும். விளக்கொளியில் நெருக்கமாக நட்டுச் சீக்கிரமே பூக்க வைத்த செடி முழங்கால் உயரம்கூட வராது. கைப்பிடிப் பூ தேறினாலே பெரிது. ஓக்லாந்து நகரம் வீட்டுக்குள் 72, வெளியில் 20 என்று வரம்பு வைத்தது இந்த வித்தியாசம் தெரிந்துதான்.

நோயாளிகள் கூடிப் பயிரிடும்போது சிக்கல் முற்றுகிறது. படுக்கையில் கிடப்பவருக்கு மண்வெட்டி பிடிக்க முடியாது. நிலமில்லாதவருக்குத் தோட்டம் இல்லை. அதற்காகவே 2003 சட்டம் கூட்டுச் சாகுபடிக்கும் பாதுகாப்பு தந்தது. தலைக்கு ஆறு என்று கணக்குப் போட்டால் பதினாறு பேருக்கு 96 செடி. பதினேழாவது நோயாளி சேர்ந்ததும் 102. மத்தியச் சட்டத்தில் 100 செடிகளைத் தொட்டாலே, எடை எவ்வளவானாலும், குறைந்தபட்சத் தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை. தண்டனைக் கணக்கில் செடி என்பதற்கான இலக்கணமும் விசித்திரமானது: இலையும் கண்ணுக்குத் தெரியும் வேரும் இருந்தால் போதும். போன வாரம் பதியன் போட்ட குச்சியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்துவிட்டால் அதுவும் ஒரு செடி. மாநிலம் அனுமதித்த தோட்டமே மத்திய அரசுக்குச் சான்றுப்பொருள்.

சான்டா குரூஸில் வலேரி, மைக் கோரல் தம்பதியர் நடத்திய கூட்டமைப்பில் 200-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். பலர் மரணத் தறுவாயில். 2002 செப்டம்பரில் மத்தியத் துறையினர் நடத்திய சோதனையில் அழிக்கப்பட்டவை 167 செடிகள். தலைக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் நூறைத் தாண்டிய தோட்டம்! இரண்டு வாரத்துக்குள் நகர மன்ற வளாகத்திலேயே, மேயர் முன்னிலையில், நோயாளிகளுக்கு மருந்து வழங்கப்பட்டது. தம்பதியர் மீது வழக்கே தொடரப்படவில்லை.

2003 எண்ணுக்கும் ஆயுள் நீளவில்லை. 2010-இல் கெல்லி வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம், மக்கள் வாக்களித்து இயற்றிய சட்டத்தைச் சட்டமன்றம் இப்படிச் சுருக்க முடியாது என்றது. வரம்பை மீறியதாலேயே ஒருவர் 215 தரும் பாதுகாப்பை இழக்க மாட்டார்.

பிறகு வந்த உரிம முறை, நோயாளிக்கும் பராமரிப்பாளருக்கும் செடியை விட்டுவிட்டுப் பரப்பை அளந்தது. நோயாளி தனக்காக 100 சதுர அடிவரை உரிமமின்றி வளர்க்கலாம். பத்துக்குப் பத்து அறை. விளைச்சலை ஓரளவு ஒழுங்காகக் காட்டுவது இடம்தான் என்பதால் இதுவே நேர்மையான அளவுகோல் என்பேன். ஆனால் கூட்டுச் சாகுபடிக்கான பழைய பாதுகாப்பு 2019 ஜனவரியில் காலாவதியானது. மிஞ்சியது, பராமரிப்பாளர் ஒருவர் 500 சதுர அடிவரை, அதிகபட்சம் ஐந்து நோயாளிகளுக்கு வளர்த்துத் தரலாம் என்ற விதிவிலக்கு. செடியை எண்ணுவதை நிறுத்திய கையோடு ஆளை எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். ஆறாவது நோயாளிக்கு வளர்க்க வேண்டுமானால், இலாபமே பார்க்காதவரும் வணிகப் பண்ணைக்காரர்கள் நிற்கும் அதே உரிம வரிசையில் போய் நிற்க வேண்டும்.