ஸ்பேனருக்கு முன்னால் நோட்டுப் புத்தகம்

கோ-கார்ட் பந்தயம் ஓட்டும் பசங்களிடம் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா இருக்கு" என்ற பதில் வரவே வராது. "முன்னாடி திரும்ப மாட்டேங்குது", "பின்னாடி வழுக்குது", "வளைவுல துள்ளுது"... இதில் ஒன்று கட்டாயம் வரும். சரி, அது உண்மையாகவே இருக்கட்டும். அதற்கு அடுத்த வரிதான் எனக்குப் பிரச்சினை. "புது டயர் போட்டா சரியாயிடும்." அல்லது "ஆக்ஸில் மாத்தணும்." அல்லது, எல்லாவற்றுக்கும் மேலாக, "சேஸியே சரியில்ல மச்சி."

பி.காம். படிக்கிறவனுக்கு கார்ட் செட்டப்பில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பொறியியல் படிக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய கார்ட் ஒன்றை வாங்கி ஓட்டுகிறார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத எனக்கு அவர்கள் கொடுத்த வேலை, நோட்டில் எழுதுவது. டயரில் எவ்வளவு காற்று, எதை எவ்வளவு மாற்றினோம், லேப் நேரம் என்ன, டிரைவர் என்ன சொன்னான் - இவ்வளவுதான். எழுதி எழுதி எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. கார்ட்டின் கையாளுதல் கோளாறுகளில் பெரும்பாலானவை காசு கொடுத்துத் தீர்ப்பவை அல்ல. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதை எழுதி வைத்துத் தீர்ப்பவை.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம்.

காரில் இருக்கும் இரண்டு பொருட்கள் பந்தய கார்ட்டில் கிடையாது. ஒன்று சஸ்பென்ஷன், இன்னொன்று டிஃபரன்ஷியல். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இறுக்கப்பட்டிருக்கும், ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் உள்பக்கச் சக்கரம் போக வேண்டிய தூரம் குறைவு, வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அதிகம். இரண்டும் தரையில் அழுந்தியிருந்தால் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். அப்படியானால் கார்ட் எப்படித் திரும்புகிறது? உள்பக்கப் பின் சக்கரம் சற்றே தூக்கிக் கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ரகசியம்.

அதைத் தூக்குவது முன் சக்கரங்களின் அமைப்பு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள்பக்க முன் சக்கரம் கீழே அழுந்தும், வெளிப்பக்க முன் சக்கரம் கொஞ்சம் மேலே போகும். நாலு கால் ஸ்டூலில் ஒரு காலுக்கு அடியில் அட்டையைச் செருகிப் பாருங்கள். அந்தக் காலும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் காலும்தான் பாரம் தாங்கும். மற்ற இரண்டும் ஆடும். கார்ட்டில் நடப்பதும் அதேதான். சேஸியின் குழாய்கள் லேசாக வளைந்து கொடுத்து ஸ்பிரிங் வேலையைச் செய்கின்றன.

இது புரிந்துவிட்டால் செட்டப்பில் செய்யும் மாற்றங்கள் எல்லாம் ஒரே கேள்விக்கு வந்து நிற்கும். உள்பக்கப் பின் சக்கரம் எப்போது தூக்குகிறது, எவ்வளவு தூக்குகிறது, எப்போது இறங்குகிறது?

இப்போது ஒரு உதாரணம். டிரைவர் வந்து, "வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்னாடி சட்டென்று வழுக்குது" என்கிறான். உடனே எல்லோரும் என்ன செய்வார்கள்? பின்பக்கத்துக்கு கிரிப் ஏற்றுவார்கள். ஆனால் நடந்தது வேறாக இருக்கலாம். வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கச் சக்கரம் தூக்கவில்லை. வண்டி முன்னால் தள்ளிக் கொண்டு போகிறது. டிரைவர் ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் திருப்புகிறான். ஒரு கட்டத்தில் முன் டயர் திடீரென்று கவ்வுகிறது, சக்கரம் தடாலென்று தூக்குகிறது, வால் வீசுகிறது. அவன் சொன்னது பொய்யில்லை. அவன் உணர்ந்தது கடைசிக் காட்சியை மட்டும். நோய் முன்பக்கத்தில், வலி பின்பக்கத்தில். இந்த நிலையில் பின்பக்கத்துக்கு கிரிப் ஏற்றினால் நோய் முற்றத்தான் செய்யும். புது டயர் போட்டால்? அதே தப்பு, கூடுதல் செலவில் :-)

ஆகவே முதல் கேள்வி "எங்கே?" என்பதாக இருக்க வேண்டும். நுழைவிலா, நடுவிலா, வெளியேறும்போதா? எல்லா வளைவிலுமா, ஒரே ஒரு வளைவிலா? ஒரே வளைவில் மட்டும் என்றால் அது பெரும்பாலும் வண்டி இல்லை, டிரைவர். பிரேக்கைத் தாமதமாக விட்டுவிட்டு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் எந்த கார்ட்டும் திரும்பாது.

இரண்டாவது, உடைந்ததும் வளைந்ததும் இருக்கிறதா என்று பார்ப்பது. டை-ராட் வளைந்திருக்கிறதா, ஆக்ஸில் நேராக இருக்கிறதா, சீட்டில் விரிசல் இருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா? சீட் என்பது உட்காரும் இடம் மட்டுமல்ல. வண்டியும் ஆளும் சேர்ந்த எடையில் கணிசமான பங்கு ஆள்தான், அந்த எடை சேஸிக்குப் போகும் வழி சீட். வளைந்த டை-ராடோடு செட்டப் மாற்றுவது, கல்லாவில் ஓட்டை இருக்கும்போது லாப நஷ்டக் கணக்குப் போடுவது மாதிரி.

மூன்றாவதுதான் மாற்றங்கள். அதிலும் காசில்லாதவை முதலில்.

டயர் காற்றழுத்தம்: அரை பிஎஸ்ஐ கூட வித்தியாசம் காட்டும். அழுத்தம் கூடினால் டயர் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் கிரிப் தரும், ஆனால் பந்தயக் கடைசியில் சூடு மிஞ்சி வழுக்கலாம். குறைந்தால் மெதுவாகச் சூடேறி நீடித்து நிற்கும். ஓட்டும் முன் அளந்ததையும் ஓட்டி வந்தவுடன் அளந்ததையும் இரண்டையுமே எழுத வேண்டும்.

முன் அகலம்: முன் ஹப்களை வெளியே தள்ளினால் தூக்கும் வேலை வலுவாகும், வண்டி கூர்மையாகத் திரும்பும். காஸ்டர் கோணத்தைக் கூட்டினாலும் ஏறக்குறைய அதே பலன், ஸ்டியரிங் மட்டும் கனக்கும்.

பின் அகலம்: காய்ந்த தரையில் பின் ஹப்களை உள்ளே தள்ளினால் பொதுவாகப் பின் கிரிப் கூடும், அளவுக்கு மிஞ்சினால் வண்டி துள்ளும். துள்ளினால் வெளியே தள்ள வேண்டும். சர்வதேச விதிகளின்படி பெரிய கார்ட்டுகளுக்கு மொத்த அகலம் 1400 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அந்த எல்லைக்குள்தான் விளையாட்டு.

மழை பெய்தால் அனுபவசாலிகள் செய்வதைப் பாருங்கள். முன் அகலத்தைக் கூட்டுவார்கள், பின் அகலத்தைக் குறைப்பார்கள், காஸ்டரை ஏற்றுவார்கள், டயருக்குக் கூடுதல் காற்று அடிப்பார்கள். மழை டயரைத் தவிர வேறு எதுவும் வாங்குவதில்லை. அதே வண்டி வேறு வண்டியாக மாறிவிடுகிறது. ஒரு ஸ்பேனரும் அளவு டேப்பும் எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் இவற்றில் மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எல்லாம் வீண். லேப் நேரம் குறைந்தால் எதனால் குறைந்தது என்று தெரியாது. கூடினால், ஒன்று செய்த நல்லதை இன்னொன்று கெடுத்ததா என்றும் தெரியாது. எங்கள் பாடத்தில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பது, ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது. கார்ட்டும் இரட்டைப் பதிவுதான். முன்பக்கத்துக்குக் கொடுத்ததைப் பின்பக்கம் எங்கோ கட்டியிருக்கும். எழுதாமல் விட்டால் ஐந்தொகை சமன்படாது.

இன்னொரு வில்லன், தரை. இருங்காட்டுக்கோட்டை வெயிலில் காலை 8 மணித் தரையும் மதியம் 2 மணித் தரையும் ஒன்றல்ல. வண்டிகள் ஓட ஓட ரப்பர் படிந்து கிரிப் ஏறும். காலையில் மாற்றிய ஹப் மதியம் பலன் தந்தது போலத் தெரியும், உண்மையில் தரை தந்த பலனாக இருக்கும். இதற்கு ஒரே மருந்து, மாற்றியபின் பழைய நிலைக்குத் திருப்பி இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பது. யாருக்கும் பிடிக்காத வேலை. "ஜெயிக்கிற செட்டிங்கை எதுக்குடா கழட்டுற?" என்பார்கள். அது ஜெயிக்கிற செட்டிங்தானா என்று தெரிந்துகொள்ளத்தான்!

இதற்கு நியாயமான எதிர்வாதமும் இருக்கிறது. பந்தய நாளில் பயிற்சிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், ஒவ்வொன்றாக மாற்றிக் கொண்டிருக்க முடியாது என்பது. சரிதான். அதனால்தான் அந்த வேலையைச் சாதாரண நாட்களில் முடிக்க வேண்டும் என்கிறேன். பந்தய நாளில் கையில் இருக்க வேண்டியது பரிசோதனை அல்ல, பழைய நோட்டு. தேய்ந்து போன டயரை எந்தச் செட்டப்பும் காப்பாற்றாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டயர்தான் தேய்ந்தது என்று தெரிய, மற்றதெல்லாம் சரி என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே?

இது வெறும் லேப் நேரப் பிரச்சினை இல்லை. முதல் கார்ட்டை 1956-ல் கலிஃபோர்னியாவில் செய்தவர் ஆர்ட் இங்கெல்ஸ். பந்தயக் கார் பட்டறையில் வேலை பார்த்தவர், இரும்புக் குழாயையும் மிஞ்சிப்போன சின்ன எஞ்சினையும் வைத்துச் செய்தார். காசில்லாதவனும் பந்தயம் ஓட்டலாம் என்பதுதான் இதன் ஆரம்பம். இன்று மோட்டார் பந்தயத்தில் பெரிய இடத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு கார்ட்தான் முதல் படி. அந்தப் படியிலேயே, ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பில் என்று பழக்கினால் என்ன ஆகும்? வசதியுள்ள அப்பா கட்டுவார். நடுத்தர வீட்டு அப்பா இரண்டு சீசன் கட்டுவார், மூன்றாவதில் "படிப்பைப் பாருடா" என்பார். அந்தப் பையன் வேகம் போதாமல் வெளியேறவில்லை. அவன் வண்டியில் 10 மி.மீ. தள்ள வேண்டிய ஹப்பை யாரும் தள்ளிப் பார்க்காததால் வெளியேறுகிறான்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று. கார்ட் கடையில் இதைவிட மலிவான உதிரி பாகம் கிடையாது. அடுத்த முறை "சேஸியே சரியில்ல" என்று யாராவது சொன்னால், "போன வாரம் பின் அகலம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள்.