விருந்தினர் ஊரோ, குடிகள் ஊரோ?

கோடைக்காலத்தில் ஒரு கடற்கரையூரைக் கண்டவர், "இங்கேயே குடியிருப்பின் எவ்வளவு நலமாயிருக்கும்!" என்று எண்ணுவது இயல்பே. நீலக் கடலும், கரையோரத்து மாளிகைகளும், உலாவும் ஜனங்களும், இரவு பத்து மணியளவும் மங்காத ஒளியும் அவ்வெண்ணத்தைத் தூண்டுகின்றன. ஆயினும் பார்க்கத்தக்க ஊர் வேறு. வாழத்தக்க ஊர் வேறு. இவ்விரண்டும் ஒன்றாதல் கூடுமோ என்பதை, ஸ்காட்லாந்து தேசத்தின் மேல்கரையிலுள்ள ராத்ஸே என்னும் சிறு பட்டணத்தைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

ராத்ஸே, கிளைடு நதியின் அகன்ற கழிமுகத்திலுள்ள பியூட் தீவின் தலையூர். அதன் நடுவே அகழி சூழ்ந்த வட்டக் கோட்டை ஒன்று பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் நின்று வருகின்றது. 1401-ஆம் ஆண்டில் மூன்றாம் ராபர்ட் மன்னன் அவ்வூருக்கு நகர உரிமைப் பட்டயம் அளித்தான். ஸ்காட்லாந்து அரசுக்குரிய இளவரசர் இன்றும் ராத்ஸேயின் பெயரால் கோமகன் எனப்படுகின்றார். ஆகவே, உல்லாசமாய்ப் பொழுது போக்குவோர் வருவதற்குப் பன்னூறாண்டுகளுக்கு முன்னரே அஃது ஓர் ஊராயிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1812-ஆம் ஆண்டில் ஹென்றி பெல் என்பார் 'காமெட்' என்னும் நீராவிக் கப்பலைக் கிளைடு நதியில் ஓட்டலானார். அது முதல் அந்நதியில் கப்பல்கள் பெருகின. கிளாஸ்கோ நகரத்துத் தொழிற்சாலைகள் ஜூலை மாதப் பிற்பகுதியில் மூடப்பட, ஆலைப் புகையில் ஆண்டெல்லாம் உழைத்த மக்கள் குடும்பம் குடும்பமாய்க் கப்பலேறி ராத்ஸேயில் வந்திறங்கினர். ஊரார் தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டனர். 1882-இல் குதிரை இழுக்கும் டிராம் வண்டி ஓடிற்று. 1902-இல் அது மின்சார வண்டியாயிற்று. 1924-இல் இரும்பும் கண்ணாடியுமாகிய ஒரு கேளிக்கை மண்டபமும், 1938-இல் புதுப் பாணியில் அமைந்த மற்றொரு மண்டபமும் எழுந்தன.

செல்வம் கப்பலில் வந்தது. வேறு வழியாய்ப் போய்விட்டது. டிராம் 1936-இல் நின்றது. பின்னர், ஆகாய விமானப் பிரயாணம் எளிதானபோது, கிளாஸ்கோ மக்கள் ஸ்பெயின் தேசத்து வெயிலை நாடிப் பறந்தனர். விருந்தினர் விடுதிகள் பல வெறுமையாயின. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சுமார் 6,500 பேராயிருந்த பியூட் தீவினர், 2022-இல் சுமார் 6,000 பேராய்க் குறைந்தனர். விடுதி வெறுமையாவதினும் வீடு வெறுமையாவது பெருந்துன்பமன்றோ?

இனி, அங்கே குடியிருப்பவரின் நிலையை நோக்குவோம். கோடையில் பதினேழு மணிக்கு மேற்பட்டு நீளும் பகல், டிசம்பர் மாதத்தில் ஏழு மணியளவாய்ச் சுருங்குகின்றது. பனி கடுமையன்று, கடலோரத்தில் பனையை ஒத்த மரங்களும் வளர்கின்றன. ஆனால் மழையும் காற்றும் மிகுதி. எதிர்க்கரையிலுள்ள வீம்ஸ் பே துறைக்குக் கப்பலில் செல்ல முப்பத்தைந்து நிமிஷமே ஆகும். புயல் எழுந்தால் அக்கப்பல் நின்றுவிடும். மருத்துவச் சாலையொன்று ஊரில் உண்டு. ஆயினும் பெரிய சிகிச்சைக்குக் கடலைக் கடத்தல் வேண்டும். உயர்நிலைப் பள்ளியை முடித்த இளைஞர் சர்வகலாசாலையையும் உத்தியோகத்தையும் நாடி வெளியேறுகின்றனர்; அவருட் பலர் திரும்புவதில்லை. இவற்றிற்கு ஈடாக, பெருநகரங்களை நோக்க வீட்டு விலை குறைவு, எதிர்ப்படுவோரெல்லாம் அறிமுகமானவர், துன்பம் வந்துழிக் கதவைத் தட்டுவோர் உளர். இஃது அற்ப ஊதியமன்று.

இத்தகைய ஊர் பிழைப்பதற்கு வழி யாது? "விருந்தினரை மீண்டும் வரவழைப்பதே வழி" என்பர் ஒரு சாரார். கடைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் அதனால் ஊதியமுண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்டு மாதத்துக் கூட்டம் ஜனவரி மாதத்துப் பள்ளிக்கூடத்தை நிரப்பாது. கோடைக்கு மட்டும் திறக்கும் வீடுகள் மிகுந்தால், குளிர்காலத்தில் விளக்கெரியும் சாளரங்கள் அருகும். விளக்கு அருகவே கடை மூடும். கடை மூடவே குடி பெயரும். குடி பெயரவே கப்பற் பிரயாணங்களைக் குறைக்கலாமே என்னும் பேச்சு எழும். விடுமுறை வாடகை வீடுகளுக்கு 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுமதிச் சீட்டு விதித்ததும், இரண்டாம் வீடு வைத்திருப்போரிடம் இருமடங்கு வரி வாங்க 2024-இல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் அளித்ததும் ஸ்காட்லாந்து அரசினர் இவ்வபாயத்தை உணர்ந்தமைக்குச் சான்றாம். வரி மட்டும் போதாது. ஆண்டு முழுதும் நிலைக்கும் தொழிலும், தவறாத கப்பலும் வேண்டும்.

ஈண்டு ஒரு நிகழ்ச்சி கருதற்பாலது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில், போரினால் வீடிழந்த சிரியா தேசத்துக் குடும்பங்கள் சில ராத்ஸேயில் குடியேற்றப்பட்டன. மொழி வேறு, வானம் வேறு, கடலும் வேறு. அவருட் சிலர் பின்னர் வேறிடம் சென்றிருக்கலாம். ஆயினும் தங்கினோர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பினர். ரொட்டிக் கடையும் முடிதிருத்தும் கடையும் திறந்தனர். ஊருக்குத் தேவையானவர் கடலின் அழகைப் பார்க்க வந்தவர் மட்டுமல்லர். காலையில் எழுந்து அடுப்பை மூட்டிக் கடையைத் திறக்க வந்தவருமாவர்.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் மொழி. அழகிய கடற்கரையூரில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க விரும்புவோர் இதனைச் சிந்திப்பாராக. மூன்று நாள் விருந்தினராயிருப்பதில் குற்றமில்லை. ஆனால் முப்பதாண்டு குடியிருந்தும் விருந்தினராகவே இருப்பது முறையன்று. ஊர்க் கடையில் பண்டம் கொள்ளுதல், ஊர்ச் சபையில் அமர்தல், அயலாரின் பிள்ளைகளுக்காகவும் பள்ளியைக் காத்தல், கப்பல் நின்ற நாளில் முதியோர் வீட்டை எட்டிப் பார்த்தல் ஆகிய இவையே குடியிருப்போர் செலுத்தவேண்டிய உண்மையான வாடகை. அவ்வூரில் வாழ விரும்புவோர் ஜூலை மாதத்தில் வீடு பார்க்க வேண்டா; ஜனவரி மாதத்தில், மழை பெய்யும் ஒரு மாலையில் சென்று பார்ப்பாராக. அப்பொழுதும் அவ்வூர் உவப்பாயின், அவர் அதற்குரியவரே.