காசு கொடுத்தவருக்குக் கார், கம்பெனிக்குச் சாவி

59,995 டாலர். 2020-ம் வருட மாடலாக அமெரிக்காவில் வந்த ஷெவர்லே கார்வெட் சி8 காரின் ஆரம்ப விலை இது. அந்தக் காசைக் கொடுத்தவருக்கு 6.2 லிட்டர் வி8 எஞ்சின் கிடைத்தது. 490 குதிரைத்திறன் கிடைத்தது. கார்வெட் வரலாற்றிலேயே முதல்முறையாக ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் வைத்த தயாரிப்புக் கார் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை. அந்த எஞ்சினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரின் சாவி. அது ஜெனரல் மோட்டார்ஸ் கையிலேயே இருந்துவிட்டது.

வீட்டை விற்றவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "எல்லாம் உங்களுடையதுதான், அடுப்படிப் பூட்டை மட்டும் தொடாதீர்கள்" என்று சொன்னால் யாராவது ஒத்துக்கொள்வார்களா? காரில் மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

இந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கார்புரேட்டர் காலத்தில் ட்யூனிங் என்றால் ஒரு ஸ்க்ரூடிரைவர், சில ஜெட்டுகள், நல்ல காது. இவ்வளவுதான். 1980-களில் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ட்யூனர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து, சிப்பைக் கழற்றி, தாங்கள் எழுதிய சிப்பை மாட்டினார்கள். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஓபிடி-2 சாக்கெட் கட்டாயமானது. பிறகு பெட்டியைத் திறக்கும் வேலையும் இல்லாமல் போனது. லேப்டாப்பைச் சொருகினால் போதும்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் இசியு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அட்டவணைகள். இத்தனை சுற்று, இத்தனை காற்று என்றால் இவ்வளவு பெட்ரோல் விடு, இத்தனை டிகிரி முன்னால் பொறி கொடு, நாக் சென்சார் தட்டினால் பின்வாங்கு... இப்படி ஆயிரக்கணக்கான கட்டங்கள். ஒருவர் பெரிய டர்போவோ பெரிய இன்ஜெக்டரோ மாட்டினால் இந்த அட்டவணையை மாற்றியே ஆகவேண்டும். மாற்றாவிட்டால் எரிபொருள் கணக்கு தப்பும், எஞ்சின் கெடும். கவனிக்க: ட்யூனிங் என்பது வெறும் வேகப் பைத்தியம் அல்ல. மாற்றிய எஞ்சினை ஒழுங்காக ஓட வைப்பதும் ட்யூனிங்தான்.

இப்போது வரும் கம்ப்யூட்டர்கள் டிஜிட்டல் கையொப்பம் கேட்கின்றன. புது மென்பொருளை ஏற்றும்போது, இது கம்பெனியின் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டதா என்று சிப்பே கணக்குப் போட்டுப் பார்க்கிறது. இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளாது. முன்பெல்லாம் பூட்டு இருந்தாலும் சீக்கிரம் திறந்துவிடும். 2007-ல் ஜப்பானில் வந்த நிசான் ஜிடி-ஆர், ஜிபிஎஸ் வைத்துத் தான் ரேஸ் மைதானத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் 180 கிலோமீட்டர் வேகத்தடையையே எடுக்கும். அவ்வளவு கட்டுப்பாடான காரின் கம்ப்யூட்டரும் சீக்கிரமே ட்யூனர்களுக்கு வழிவிட்டது. இன்று கதை வேறு. 2015 முதல் டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் வாங்கியவர்கள் ட்யூன் செய்ய வேண்டுமென்றால் பூட்டு நீக்கிய இன்னொரு கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து மாற்றினார்கள். 2020 ஜூனுக்குப் பிறகு தயாரான பல பிஎம்டபிள்யூ கார்களின் கம்ப்யூட்டரைக் கழற்றி, பார்சல் கட்டி, ஃபின்லாந்தில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பித் திறந்து வாங்கினார்கள். 2024 மாடல் மஸ்டாங் வரும் முன்பே, 2022-ல், இதை ட்யூன் செய்வது முன்னைவிட ரொம்பக் கடினம் என்று ஃபோர்டு தரப்பே சொல்லிவிட்டது.

சரி, ஏன் பூட்டுகிறார்கள்? மூன்று காரணம் சொல்கிறார்கள். மூன்றையும் நியாயமாகவே பார்க்கலாம்.

முதல் காரணம், புகை. இது பொய்யில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, சுமார் பத்து வருடத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு வக்காலத்து வாங்க முடியாது. அவர்கள் விடும் புகையைச் சுவாசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தை.

ஆனால் பூட்டு போட்டால் காற்று சுத்தமாகிவிடுமா? 2015 ஜூலையில் இதே இபிஏ, கார் மென்பொருளைத் திறக்க உரிமையாளர்களுக்கு அனுமதி தரவேண்டாம், புகை கூடும் என்று காப்புரிமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. இரண்டே மாதம். 2015 செப்டம்பர் 18 அன்று, ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களின் கம்ப்யூட்டருக்குள்ளேயே திருட்டு மென்பொருள் வைத்திருந்தது என்று அதே இபிஏ அறிவித்தது. சோதனைக்கூடத்தில் நல்ல பிள்ளை, ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 40 மடங்கு வரை. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். எந்த கராஜ் பையனும் செய்ததில்லை இது. பூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பூட்டின் சொந்தக்காரரே செய்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அதைக் கண்டுபிடிக்க வழிசெய்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ரோடு சோதனை. உள்ளே அது எப்படி வேலை செய்தது என்று பொதுமேடையில் பிரித்துக் காட்டியவர் ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மானியர். கம்ப்யூட்டரின் மென்பொருளைத் தோண்டிப் பார்த்து, 2015 டிசம்பரில் ஹாம்பர்க் ஹேக்கர் மாநாட்டில் விளக்கினார். பூட்டைத் திறப்பவர்கள் எல்லாம் காற்றின் எதிரிகள் என்றால் இவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

இரண்டாவது காரணம், ஹேக்கிங். 2015-ல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியைத் தூரத்தில் இருந்தே அடக்கிக் காட்டினார்கள். 14 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்கள் எந்த வழியாக நுழைந்தார்கள்? பாட்டும் மேப்பும் காட்டும் சிஸ்டத்தின் செல்போன் இணைப்பு வழியாக! அந்த வாசலை எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போட்டு அடைக்கட்டும். சாவியோடு தன் காருக்குள் உட்கார்ந்து கேபிளைச் சொருகும் உரிமையாளரையும் தூரத்து ஹேக்கரையும் ஒரே கணக்கில் எழுதுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

மூன்றாவது காரணம், வாரண்டி. ஒருவர் கண்டபடி ட்யூன் செய்து பிஸ்டனை ஓட்டையாக்கிவிட்டு, பழைய மென்பொருளை ஏற்றி ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஷோரூமில் வந்து நிற்பார். நிற்கிறார்கள், மறுப்பதற்கில்லை. இதற்கு மருந்து பூட்டு அல்ல, கணக்குப் புத்தகம். மென்பொருள் எத்தனை முறை மாறியது என்று அழிக்க முடியாதபடி கம்ப்யூட்டரே எழுதி வைக்கட்டும். மாற்றியதால்தான் கெட்டது என்றால் வாரண்டி கிடையாது. முடிந்தது விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூட்டு ட்யூனிங்கை நிறுத்துவதே இல்லை. மோசமாக்குகிறது. கம்ப்யூட்டருக்குள் போக முடியாதவர்கள் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டியை மாட்டுகிறார்கள். டர்போ அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று அந்தப் பெட்டி கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். அதை நம்பி கம்ப்யூட்டர் இன்னும் அழுத்தம் கொடுக்கும். உண்மை தெரிந்து பாதுகாப்பாக ஓட்ட வேண்டிய மூளைக்குப் பொய்த் தகவல் கொடுத்து ஓட்டுவதுதான் பூட்டு கொடுத்த பரிசு.

சட்டம் என்ன சொல்கிறது? 1998-ல் அமெரிக்காவில் வந்த டிஎம்சிஏ சட்டத்தின் 1201-ம் பிரிவு, படமும் பாட்டும் திருடுவதைத் தடுக்க நினைத்து எழுதியது. டிஜிட்டல் பூட்டை உடைப்பதே குற்றம் என்றது. கார் கம்ப்யூட்டரும் அதில் மாட்டிக்கொண்டது. 2015-ல் இதுபற்றி விசாரித்தபோது, டிராக்டர் கம்பெனி ஜான் டியர் வாதாடியதைக் கேட்டால் சிரிப்பு வரும். வண்டி வாங்கியவருக்கு அதன் மென்பொருள் சொந்தமில்லையாம், வண்டியின் ஆயுள் வரை ஓட்டிக்கொள்ள ஓர் உரிமம் மட்டும்தானாம். நல்லவேளை, 2015 அக்டோபரில் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் விலக்கு கிடைத்தது. 2018, 2021, 2024 என்று தொடர்ந்தது. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டு வாங்க வேண்டிய சலுகை இது, உரிமை அல்ல. அதோடு, பூட்டை உடைக்கலாம் என்கிற விலக்கு, உடைக்கும் கருவியை விற்கலாம் என்று சொல்லவில்லை. தேங்காய் உடைக்கலாம், அரிவாள் விற்கக் கூடாது!

இப்போது சொல்லாத காரணத்துக்கு வரலாம். 2022 நவம்பரில் மெர்சிடிஸ் பென்ஸ் அமெரிக்காவில் ஒரு திட்டத்தை அறிவித்தது. சில மின்சாரக் கார்களுக்கு வருடத்துக்கு 1,200 டாலர் கட்டினால் கார் இன்னும் வேகமாகச் சீறும். புது மோட்டாரா? இல்லை. புது பேட்டரியா? அதுவும் இல்லை. ஏற்கனவே காரில் இருக்கும் பலத்துக்குப் போட்ட பூட்டை எடுப்பதற்கு வாடகை. டெஸ்லா 2019-ல் மாடல் 3 காருக்கு 2,000 டாலருக்கு வேகத்தை விற்றது. கனடாவில் ஒரு நிறுவனம் அதே வேலையைச் செய்யும் பெட்டியை இன்னும் குறைந்த விலைக்கு விற்க ஆரம்பித்ததும், 2020-ல் டெஸ்லா ஒரு மென்பொருள் அப்டேட் அனுப்பி அதை மடக்கியது. கம்பெனி திறந்தால் வசதி, உரிமையாளர் திறந்தால் ஆபத்தா? மோட்டார் ஒன்றுதானே!

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கார் விற்கும்போது, உரிமையாளர் கேட்டால் ஒரு சாவி. மாற்றங்களை எழுதி வைக்கும் கணக்கு. புகையை ரோட்டில் அளந்து, தப்பினால் உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் ஒரே தண்டனை. செல்போன் வாசலுக்கு வேண்டிய மட்டும் பூட்டு. இது நடந்தால் ஒழுங்கான ட்யூனர்கள் வெளிச்சத்தில் வேலை செய்வார்கள், கம்பெனியின் திருட்டும் சீக்கிரம் வெளியே வரும்.

அதுவரை விலைச்சீட்டில் "விற்பனை" என்று போடுவதை நிறுத்தட்டும். "நீண்டகாலக் குத்தகை, எஞ்சின் மூளை நீங்கலாக" என்று போடட்டும். அதையாவது உண்மை என்று ஒத்துக்கொள்ளலாம்.