கேபினுக்கு ஏசி வந்தாச்சு... டிரைவர் சீட்டுக்கு எப்போ விடிவு?

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஏதாவது ஒன்றில் ஏறிப் பாருங்கள். அமுங்கிப்போன ஃபோம், மேலே மடித்துப் போட்ட போர்வை. பலருக்கு அதுதான் டிரைவர் சீட்!

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால், சுரங்கச் சாலையில் லாரி குலுங்கினால் ஏசி என்ன செய்யும்? அடி நேராக இடுப்புக்கும் முதுகெலும்புக்கும்தான் போகும்.

பெரம்பலூர் குஷன் கடையில் புது ஃபோம் போட்டால் மெத்தென்று இருக்கும், அவ்வளவே. அதிர்வை வாங்கிக்கொள்வது சீட்டுக்கு அடியில் இருக்கும் சஸ்பென்ஷன். அதையும் ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்தால்தான் பலன்.

பழைய லாரிக்கு ஏர் சஸ்பென்ஷன் சீட் மாட்டுவது யார் செலவு? நிச்சயம் டிரைவர் செலவு இல்லை. டயர் தேய்ந்தால் ஓனர்தானே மாற்றுகிறார்? சிமென்ட் ஆலைகள் வாடகை பேசும்போதே சீட்டையும் பேசட்டும்.