வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம்



சங்கரன்கோவில் வட்டாரத்திலும் நெல்லைச் சீமையின் மற்ற ஊர்களிலும் உள்ள நம் சௌராஷ்டிர வீடுகளில் பாட்டி சௌராஷ்டிரத்தில் சாப்பிடக் கூப்பிடுகிறார்; பேரன் தமிழில் பதில் சொல்கிறான். அவனுக்குப் புரிகிறது, பேச வரவில்லை. இப்படியே விட்டால் அவன் பிள்ளைக்குப் புரியவும் செய்யாது.

நம் முன்னோரில் பெரும்பாலோர் இம்மொழியைப் பள்ளியில் படித்தவர்கள் அல்லர், தறியடியில் கற்றவர்கள். ஒருவர் தறிக்குழியில் மிதிக்க, வீட்டுப் பெண்கள் ராட்டையில் தார் சுற்ற, இழை அறுந்ததைச் சொல்வது முதல் கூலிக் கணக்கு வரை சௌராஷ்டிரத்திலேயே பேச்சு நடந்தது. விசைத்தறி வந்தது. கைத்தறி குறைந்தது. பிள்ளைகள் படித்து வெளியூர் வேலைக்குப் போனார்கள். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் தறியோடு அந்தப் பேச்சும் நின்றுபோனது. இனி இம்மொழிக்கு வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

சௌராஷ்டிரம் பேசினால் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சவே வேண்டாம். 'காதுகள்' என்ற தமிழ் நாவலுக்காக 1993-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை. மதுரை நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) இரு மொழியிலும் பாடினார்.

எனவே கேட்டுக்கொள்கிறோம்:

பெற்றோர்களே, இரவுச் சாப்பாட்டு நேரத்திலாவது பிள்ளைகளிடம் சௌராஷ்டிரத்தில் மட்டும் பேசுங்கள். பிழையாகப் பேசினால் சிரிக்காதீர்கள். சிரித்தால் மறுபடி வாய் திறக்க மாட்டார்கள்.

இளைஞர்களே, பெரியவர்கள் சொல்லும் கதைகளையும் கல்யாணப் பாட்டுகளையும் தறிச் சொற்களையும் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள்.

எந்த எழுத்தில் எழுதுவது என்று தலைமுறைகளாகச் சண்டையிட்டது போதும். நம் சொந்த எழுத்து 2008-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டது. அதிலோ, தேவநாகரியிலோ, தமிழ் எழுத்திலோ, தெரிந்ததில் எழுதுங்கள்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி சௌராஷ்டிரம் என்றே சொல்லுங்கள். 2001-இல் 1,85,420 பேரும் 2011-இல் 2,47,702 பேரும் அவ்வாறு பதிவானார்கள். நம் மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இல்லை. அதன் 350ஏ பிரிவைக் காட்டித் தொடக்கக் கல்வியில் இம்மொழிக்கு இடம் கேட்கும்போது நம் கையில் இருப்பது இந்த எண்ணிக்கைதான்.

தமிழ் நண்பர்களே, பேருந்திலோ கடையிலோ நாங்கள் எங்கள் மொழியில் பேசினால் கேலி செய்யாதீர்கள். இரண்டு சொல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அரியும் அரனும் ஒரே திருமேனியாய் நிற்கும் ஊர் நம் சங்கரன்கோவில். இங்கே இரண்டு மொழிக்கும் இடமுண்டு.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வீரவநல்லூர், பாளையங்கோட்டை, மதுரை உறவுகள் வரும்போது வாசலில் வரவேற்பதே சௌராஷ்டிரத்தில் இருக்கட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்று இரவே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சங்கரன்கோவில் வட்டாரச் சௌராஷ்டிர மொழி அன்பர்கள்